ஏழாவது தாள்

ஜன்னல்கள் அடைத்திருந்தன, மின்விசிறி நின்றிருந்தது. ஆனாலும் வரிசையில் ஏழாவது தாள் மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மழைக்காலத்துச் சாயங்காலம். ஜப்பானில், எச்சிசென் மலையடிவாரத்தில், பழைய அரிசிமதுக் கிடங்கு ஒன்றைக் கலைக்கூடமாக்கியிருந்தார்கள். எத்தனை சுண்ணாம்பு அடித்தும் சுவரில் புளித்த சோற்று வாடை போகவில்லை. ஆளுயரத்தில் ஏழு தாள்கள், மழைமேகத்தின் சாம்பல் நிறத்தில், உத்தரத்திலிருந்து தொங்கின. காலையில் கண்காட்சித் திறப்பு. கிகுயோ ஏணியை மடக்கிவிட்டு, கொதிக்கிற தேநீரை மடமடவென்று குடித்தாள். சுடவில்லை. ஷுஜி போன நாளிலிருந்து எதுவும் சுடுவதில்லை. எரிந்த சாம்பலில் கணவனின் எலும்பைக் குச்சியால் பொறுக்கியபோதும் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அழுகை வரட்டும் என்றுதான் இந்த வேலையைத் தொடங்கினாள். செத்தவர் எழுதிய கடிதங்களை ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, மறுபடி தாளாக வார்ப்பது பழைய வழக்கம். உயிர் திரும்பும் தாள் என்பார்கள். அதில் புத்த மந்திரம் எழுதிக் கோயிலில் வைப்பார்கள். கிகுயோ எதுவும் எழுதவில்லை; நவீனக் கலையில் வெறுமைக்குத்தான் மவுசு.

ஷுஜியின் கடிதங்கள் ஆறு தாளுக்குத்தான் காணும். முசுக்கட்டை நார் சேர்க்கலாம் என்றாள், தாள் வார்க்கும் சிநேகிதி நோபுயே. 'கணவனின் கடிதங்கள் மட்டும்' என்று அழைப்பிதழ் அச்சாகிவிட்டதே! கிகுயோ வீட்டுக்குப் போய் இன்னொரு கட்டைக் கொண்டுவந்தாள். கல்யாணத்துக்கு முன் அவள் அவனுக்கு எழுதியவை. அரிசியில் குருணை கலக்கிற மாதிரி. யாருக்குத் தெரியப்போகிறது?

ஏழாவது தாளின் அருகில் போனாள். உப்பியது. தணிந்தது. ஷுஜியா? அவன் மூச்சில் எப்போதும் ஒரு விசில் இருக்கும். இதில் இல்லை. முகர்ந்தாள். அவள் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனை.

மூச்சை அடக்கினாள். தாள் நின்றது.

விட்டாள். அசைந்தது.

போனை எடுத்தாள்.

"என்னடி, நாளைக்குப் பெரிய ஆளாகப்போற, இப்பவே கூப்பிட்டுப் பீத்திக்கிறியா?"

"நோபுயே, அந்த ரெண்டாவது கட்டு... அது அவர் எழுதினது இல்ல."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது. "பின்ன?"

"நான் எழுதினது."

"எல்லாம் அவருதான்னு என் மூஞ்சியப் பாத்துச் சொன்னியேடி! உசிரோட இருக்கிறவ கடிதத்தைப் போட்டா அவ உசிரும்தானே தாளுக்குள்ள வரும்? எங்கேருந்து வரும்னு யோசிச்சியா?"

கிகுயோ தாளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கழட்டித் தண்ணில போடு. கரையட்டும். இதோ வரேன்."

வாளியில் தண்ணீர் பிடித்து, தாளின் கீழ்முனையை முக்கினாள். அவள் பாதம் நனைந்தது. செருப்புக்குள் அல்ல. தோலுக்குள். விரல்கள் ஒவ்வொன்றாய்க் குழைந்தன. வெடுக்கென்று வாளியைத் தள்ளினாள்.

வலிக்கவில்லை. பயமாகக்கூட இல்லை. பயம் எங்கோ அறைக்குள்தான் இருந்தது, அவளிடம் இல்லை.

மறுபடி மூச்சை அடக்கினாள். இருபது. அறுபது.

தாள் நிற்கவில்லை.

நூறு. அவளுக்கு மூச்சு வேண்டியிருக்கவில்லை.

விளக்கைப் போட்டாள். மற்ற ஆறு தாள்களிலும் வெளிச்சம் ஊடுருவியது. ஏழாவது மட்டும் தரையில் கறுப்பாய் நிழலிட்டது, தலையும் தோளுமாக. கிகுயோ தன் கையை விளக்குக்கு முன் பிடித்தாள். ஒளி உள்ளங்கை வழியாக வந்தது. உள்ளே எலும்பு இல்லை. நார். நாரோடு நாராக, வெளுத்த மையில், அவளுடைய இளவயதுக் கையெழுத்து.

வாசலில் கார் வந்து நின்றது. கதவைத் தட்டும் சத்தம்.

"கிகுயோ! உள்ள இருக்கியா?"

வாயைத் திறந்தாள். காகிதம் சரசரத்தது, அவ்வளவுதான்.

"வாடி உள்ள," என்றது ஏழாவது தாள், விக்கி விக்கி அழுதபடி.