தலைகீழ் ஒன்பது

"ஏழாம் தேதி, புதன். இன்று ஒரு சிறு பிழை. தக்காளித் தோட்டத்து வாசலில் 9 என்ற தகரத்தைத் தலைகீழாக மாட்டிவிட்டேன். அது 6 ஆகிவிட்டது."

அன்றைய பிழையை முதல் வரியில் எழுது என்பது மாலை வகுப்பு ஆசிரியையின் பாடம். எழுதிவிட்டு, அவள் 'சிறு' என்பதை அடிக்கலாமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். நேற்று மருந்து தெளித்த தோட்டம் அது. ஒன்பதாம் தேதி வரை யாரும் நுழையக் கூடாது என்பதற்குத்தான் அந்தத் தகரம். தகரம் ஆறைக் காட்டியதால், அவளுடைய அக்காவையும் சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் விடிந்ததும் ஈரச் செடிகளுக்குள் இறங்கிவிட்டார்கள்.

நடுப்பகலில்தான் கவனித்தாள். சூப்பர்வைசரிடம் ஓடினாள். அந்தப் பெரிய மனிதர் கார்க் கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினார். தோட்டத்துச் சந்தில் அடித்த மருந்து வாடைக்கே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"பேரே மருந்துதானேம்மா. அது பூச்சியைத்தான் கொல்லும், ஆளையா கொல்லும்?"

பறித்து முடியும்வரை தகரத்தைத் தொடாதே என்றும் சொன்னார். அந்த ஒரு மூக்குக்குக் கிடைத்த காவல் பன்னிரண்டு உயிருக்கு இல்லை. அவளும் தலையாட்டி பொம்மையாக ஆட்டிவிட்டு வந்தாள். வெட்கங்கெட்ட தலை.

இப்போது மணி ஏழு. பின்னால் அக்கா சுவரைத் தடவி சுவிட்சைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"விளக்கைப் போடேன்டி, எழுத்தாணி. இருட்டுல என்னத்தக் கிறுக்குற?"

விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மின்விசிறி முனகிக்கொண்டிருக்க, அக்காவின் சேலையிலிருந்து அழுகிய பூண்டும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போன்ற வாடை கிளம்பி, நோட்டுப்புத்தகத்தின் தாள்வரை வந்து படிய, விசிறியின் முனகலுக்கடியில் சொட்டு, சொட்டு என்று ஒரு சத்தம் கேட்க, குழாய்தான் ஒழுகுகிறது என்று அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். குழாயில் இரண்டு நாளாகத் தண்ணீர் இல்லை.

திரும்பினாள்.

அக்காவின் மோவாயிலிருந்து எச்சில். சிமெண்டுத் தரையில் சிறு குளம். கன்னத்துத் தோலுக்கடியில் ஏதோ நெளிந்தது. கண்மணிகள் இரண்டும் குண்டூசி முனை.

"இருட்டா இருக்குடி."

உதவிக்கு ஆள் கூப்பிடக் கதவைத் திறந்தாள். வரிசை வீடுகள் அத்தனையிலும் விளக்கு. அத்தனை வாசலிலும் ஒருத்தி. காற்றைத் துழாவும் கைகள்.

சூப்பர்வைசருக்குப் போன் போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வேண்டும் என்று கெஞ்சினாள்.

"வண்டியில தக்காளி ஏத்தியாச்சு. பன்னெண்டு பேருமேவா? அப்ப நாளைக்குப் புது ஆள் வேணும். குறிச்சுக்கோ."

போன் அணைந்தது. அவள் குரல் வந்த திசைக்குப் பதினொரு முகங்களும் திரும்பின. வந்தார்கள். ஒரு கை அவள் நெற்றியைத் தொட்டது. ஈரம். இன்னொன்று கண்ணை. இன்னொன்று வாயை. பின்னாலிருந்து அக்காவின் கை.

அன்றிரவு நோட்டில், சூப்பர்வைசர் குறிக்கச் சொன்னபடியே, கோடு தப்பாத அவளுடைய கையெழுத்தில்:

"எட்டாம் தேதி வேலை: காலை ஆறு மணிக்குப் பேருந்து நிறுத்தத்திலிருந்து புது ஆட்கள் பன்னிரண்டு பேரை அழைத்து வருதல்."