பூக்கும் வயலுக்குக் காய்ச்சல் ஆணை

காலை ஆறரை மணிக்கு மரகதவல்லி மதகுக் கொட்டகையைத் திறந்து, பலகைத் திரையில் கைரேகையை வைத்தாள். வெள்ளாம்பரப்பின் நானூற்றுப் பன்னிரண்டு வயல்களும் கட்டம் கட்டமாக விரிந்தன. ஒவ்வொரு வயலிலும் புதைத்திருந்த குழாயின் உணரி, தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று சொன்னது. மேலே சுற்றும் செயற்கைக்கோளான வளிநோக்கி, சேற்றிலிருந்து எவ்வளவு மீத்தேன் கிளம்புகிறது என்று சொன்னது. இரண்டையும் பார்த்து ‘வயல்மூளை’ என்ற மென்பொருள் அன்றைய ஆணையைப் போடும்: பாய்ச்சல், இல்லையென்றால் தண்ணீரை வடித்து வயலைக் காயவிடும் காய்ச்சல். மதகுகள் தாமாகவே திறந்து மூடும். ‘ஏற்பு’ என்ற பொத்தானை அழுத்துவது மட்டும் அவள் வேலை.

பத்து வருடமாக மனமொப்பித்தான் அழுத்தினாள். வயலில் தண்ணீர் நின்றுகொண்டே இருந்தால் சேறு மூச்சு முட்டி மீத்தேனைக் கக்கும், வானம் சூடேறும். சூடேறிய கடல் அவள் பிறந்த தெருவையே விழுங்கியிருந்தது. காயவிட மாட்டோம் என்று முரண்டு பிடித்தவர்களோடு ஒரு காலத்தில் வரப்பு வரப்பாகப் போய்ச் சண்டை போட்டவள் அவள்தான்.

அன்றைய ஆணை, வட்டாரம் முழுவதற்கும் பன்னிரண்டு நாள் காய்ச்சல். போன வார மழையில் மீத்தேன் அளவு வரம்பைத் தொட்டிருந்தது. பதினோரு மணிக்குப் பாசன மதகு மூடி, வடிகால் திறந்துவிடும்.

பொத்தானை அழுத்தப் போகும்போது சவரிமுத்து வந்து நின்றார். கடலோரக் கடைசி வயல் அவருடையது. கையில் இறால் பண்ணையில் இரவல் வாங்கிய உப்புமானி.

“தங்கச்சி, மேல நிக்கிற தண்ணி நல்லாத்தான் இருக்கு. ஒரு முழத்துக்குக் கீழ ஒரே உப்பு. புயலுக்கு அப்புறம் ஏறிக்கிட்டே வருது. மேத்தண்ணி அமுக்கிக்கிட்டு இருக்கறதாலதான் பயிரு உசிரோட நிக்குது. வடிச்சீங்கன்னா உப்பு மேல வந்துரும். கதிரு பூத்து நிக்குதும்மா.”

“வயல்மூளையில உப்புக்கு உணரியே வைக்கலையேண்ணே.”

“அதுக்குத் தெரியாதுன்னுதான் உங்கிட்ட வந்தேன்.”

மரகதவல்லி உப்புமானியை வாங்கிக்கொண்டு இறங்கினாள். பதினொரு வயல்களின் குழாய்களில் விட்டுப் பார்த்தாள். எல்லாவற்றிலும் அதே கதை. வரப்பில் நின்றபடியே வட்டாரப் பொறியாளர் பிரதாபனை அழைத்தாள்.

“நீங்க சொல்றது சரியாவே இருக்கலாம் மரகதம்,” என்றார் அவர். “ஆனா ஆணையை மாத்த மேல்முறையீடு போடணும். இருபத்தொரு நாள் ஆகும்.”

“பூ பத்து நாள்ல முடிஞ்சிரும் சார்.”

“ஒரு ஊருக்கு விட்டுக்கொடுத்தா எல்லா ஊரும் ஒரு காரணத்தோட வரும். அப்புறம் வானத்தை யார் பார்க்கிறது?”

அவளுக்குச் சுருக்கென்றது. ஒரு காலத்தில் வரப்பில் நின்று அவள் கேட்ட கேள்வி அது. அதற்குப் பதில் சொல்லாமல் இந்தப் பூக்களைக் காப்பாற்றினால், தானே தன் முகத்தில் விழிக்க முடியாது. மேற்கே, அதே வட்டாரத்து மேட்டூரணியின் நீர்க்குழுத் தலைவி கமருன்னிசாவை அழைத்து விஷயத்தைச் சொன்னாள்.

“எங்க பயிரு இன்னும் தூர் கட்டுற பருவந்தான்,” என்றாள் கமருன்னிசா. “எங்க பக்கம் உப்பும் கிடையாது. உங்க வயலு விடுற மீத்தேனுக்கு ஈடா, பன்னண்டுக்கு மேல இன்னும் நாலு நாளு காயப் போடுறோம். ஆனா வயல்மூளை இதை ஒத்துக்காதே?”

“ஒத்துக்காது. நாம ஒத்துக்கிட்டோம்ல, போதும்.”

அவள் ‘ஏற்பு’ அழுத்தாவிட்டாலும் பதினோரு மணிக்கு மதகு தானாகவே மூடி, வடிகால் பலகை உயர்ந்தது. மரகதவல்லி மோட்டாரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கைச்சக்கரத்தைப் பிடித்தாள். துருவேறிய சக்கரம் முதலில் அசையவில்லை. சவரிமுத்துவும் சேர்ந்து தோள் கொடுத்தார். வடிகால் அடைபட்டது, பாசன மதகு திறந்து தண்ணீர் சலசலவென்று உள்ளே வந்தது. கொட்டகையில் சங்கு அலறியது. ஐந்தே நிமிடத்தில் கண்காணிப்பு டிரோன் தலைக்கு மேல் வந்து நின்றது.

அவள் அதன் கண்ணாடிக் கண்ணை நிமிர்ந்து பார்த்தாள். “மரகதவல்லி, மதகு இயக்குநர். ஆணையை மீறினது நான்தான். எழுதிக்கோ. உப்பு எவ்வளவுன்னும் சொல்றேன், அதையும் சேர்த்து எழுதிக்கோ.”

பதினொரு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அன்று மாலையே அவள் கைரேகை செல்லாமல் போனது. கைச்சக்கரத்துக்குக் கைரேகை தேவைப்படவில்லை. பன்னிரண்டு நாளும் ஊர் முறைவைத்து மதகடியில் காவல் இருந்தது. மேட்டூரணி வயல்கள் பதினாறாம் நாள்வரை வெடித்துக் கிடந்தன. வட்டாரத்தின் மீத்தேன் வரம்புக்குள்ளேயே நின்றது. வெள்ளாம்பரப்பில் கதிர் பால் பிடித்தது.

அறுவடை முடிந்தபின் விசாரணை நடந்தது. பிரதாபனே ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார்.

“அடுத்த பட்டத்துக்குள்ள உப்பு உணரி வந்துரும். உங்க எண்களை வச்சுத்தான் கேட்டு வாங்கியிருக்கேன். இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா வேலையும் திரும்பக் கிடைக்கும். ஒரு வரிதான்.”

‘ஆணையைத் தவறுதலாக மீறினேன்’ என்றிருந்தது. மரகதவல்லி இரண்டு முறை படித்தாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்த வேலை.

“நாளைக்கு இன்னொரு ஊர்ல, இன்னொருத்திக்கு, உணரிக்குத் தெரியாத ஒண்ணு தெரியும் சார். அவ இந்தத் தாளைத் தேடிப் படிப்பா.”

பேனாவை வாங்கி ‘தவறுதலாக’ என்பதை அடித்தாள். அதன் மேலே ‘தெரிந்தே’ என்று தெளிவாக எழுதி, கீழே கையெழுத்துப் போட்டாள்.