அப்பாவின் சிலுவையில் வண்டு

அந்த ஐப்பசியில் பாலக்கரையில் கொட்டிய மழைக்குத் தவளைகளே குடை கேட்டிருக்கும். கல்லறைத் தோட்டத்தில் மண்மேடுகள் கரைந்து சேறாகின. ஆவணியில் இறந்துபோன அற்புதசாமியின் மேட்டில் மிஞ்சியது, அவர் மனைவி டோரதி நட்ட வேப்பங்குச்சி மட்டும்தான். இன்னொரு பெருமழை வந்தால் அதுவும் போய்விடும். அப்புறம் அப்பா எங்கே இருக்கிறார் என்று எப்படித் தெரியும்? மகள் லூர்துராணிக்கு அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அவளுக்குப் பத்து வயது.

கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றி இறந்தவர்களுக்காக வேண்டும் கல்லறைத் திருநாளுக்குள் சிலுவை நட வேண்டும். புது மரம் வாங்க வழியில்லை. அப்பா படுத்திருந்த கட்டிலின் சட்டத்தை அறுத்து, தாய்மாமன் அமிர்தராஜ் சிலுவை செய்தார். உறுதியான பூவரச மரம்தான். ஆனால் வண்டுகள் அதில் மூன்று கல்யாண விருந்து சாப்பிட்டிருந்தன. ஊதினால் நாகஸ்வரம் வாசிக்கும், அத்தனை ஓட்டை.

மாமா காந்தி மார்க்கெட்டில் மாட்டுவண்டிகளுக்குப் பெயிண்ட் அடிப்பவர். அசையாமல் நின்றால் மாட்டுக்கும் ஒரு பூச்சு பூசிவிடும் அவசரக்காரர். ஓட்டைகளைப் பசையால் அடைத்து, மேலே கறுப்புப் பெயிண்டை அடித்து, வேலை முடிந்தது என்றார்.

காலையில் பார்த்தால் அடைப்பெல்லாம் தரையில். ஓட்டைகளிலிருந்து பொடி கொட்டியது. ஒரு வெள்ளைப் புழு தலையை நீட்டி, வீட்டுக்காரர் மாதிரி எல்லோரையும் பார்த்தது.

டோரதி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

இன்னும் கெட்டியாக அடைக்கிறேன் என்று மாமா பசை டப்பாவைத் திறந்தார். லூர்துராணி அதன்மேல் கையை வைத்தாள்.

"மாமா, என் சொத்தைப் பல்லை டாக்டர் எப்படி அடைச்சாரு?"

"நீ கத்தின கத்துல மலைக்கோட்டையே ஒரு அடி நகர்ந்துச்சு. மறப்பேனா?"

"முதல்ல சொத்தையைச் சுரண்டி எடுத்துட்டுதானே அடைச்சாரு? நீங்க பொடிக்கு மேலயே அடைக்கிறீங்க. பொடியில எப்படிப் பிடிக்கும்?"

மாமா தாடையைத் தடவினார். டப்பாவை மூடினார்.

பழைய பெயிண்டைச் சுரண்டினார்கள். விரல் பட்டால் உள்வாங்கிய இடங்களை மாமா உளியால் சீவித் தள்ளினார். லூர்துராணி ஒவ்வொரு ஓட்டையையும் ஊசியால் குடைந்து, சைக்கிள் பம்பை வைத்துக் காற்றடித்தாள். பறந்த பொடியில் மாமா, மாவு டின்னுக்குள் விழுந்த பூனை ஆனார். புழுவிடம் கடைசி ஆசை யாரும் கேட்கவில்லை. பேனாவுக்கு மை ஊற்றும் பில்லரால் ஓட்டைகளில் மண்ணெண்ணெய் சொட்டி, வாடை போகும்வரை காற்றாட வைத்தார்கள். அதன் பிறகுதான் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்தார்கள்.

சீவியதில் சிலுவை மெலிந்துபோயிருந்தது. மாமா தயங்கித் தயங்கித்தான் அக்காவிடம் காட்டினார்.

டோரதி எழுந்து வந்து தடவிப் பார்த்தாள்.

"அவரும் கடைசியில இப்படித்தான் மெலிஞ்சிருந்தாரு" என்றாள். "இது போதும்."

திருநாளுக்கு முந்தைய மாலை, குச்சி இருந்த இடத்தில் சிலுவையை நட்டார்கள். அன்று இரவு மழை வெறிபிடித்துக் கொட்டியது.

மறுநாள் தோட்டமே ஒரு சேற்று வயல். தங்கள் மேட்டைக் காணாமல் பலர் மெழுகுவர்த்தியும் கையுமாகத் தடுமாறினார்கள். அவர்கள் அடையாளத்துக்கு நட்டிருந்த குச்சிகள் போன இடம் தெரியவில்லை.

டோரதி யாரையும் எதுவும் கேட்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, சேற்றில் சாயாமல் நின்ற சிலுவையைப் பார்த்து நேராக நடந்துபோய், அற்புதசாமியின் பக்கத்தில் மண்டியிட்டாள்.