மைனி ஊர்ச் சுழி

காலையில் எழுந்ததும் ஜெசிந்தா பல் துலக்கினாள், காப்பி குடித்தாள், கடலைச் சுழற்றிவிட்டாள். முத்துமுனை ஊரில் அது அவளுடைய வேலை. அவள் பொத்தானை அழுத்தினால் கடலுக்கடியில் இருக்கும் சுழிப்பொறி மெல்ல உறுமி, ஓர் ஊர் அகலத்துக்குத் தண்ணீரை வட்டமாகச் சுற்றத் தொடங்கும்.

ஒரு காலத்தில் கடல் இந்தச் சுழிகளைத் தானாகவே போட்டுக்கொண்டிருந்தது. அதைச் சூடாக்கி அந்தப் பழக்கத்தைக் கெடுத்தவர்கள் நம் ஆட்கள்தான், வேறு யார்? முட்டையிலிருந்து வந்த மீன்குஞ்சு அரிசி நொய் அளவுகூட இருக்காது. நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தெம்பு கிடையாது. சுழிதான் அது ஆழ்கடலுக்கு அடித்துச் செல்லப்படாமல் பிடித்து வைக்கும். அடியிலிருந்து குளிர்ந்த நீரை மேலேற்றி இரையும் கொடுக்கும். குஞ்சு வளர்ந்ததும் சுழியை நிறுத்திவிட வேண்டும். அப்போதுதான் அது பாரில், அதாவது கடலடிப் பாறைத்திட்டில், போய் ஒதுங்கிப் பிழைக்கும்.

எந்த ஊர்ப் பாரில் குஞ்சு ஒதுங்கவில்லையோ அந்த ஊரைக் காலி செய்து உள்நாட்டு அடுக்குமாடிக்கு அனுப்பிவிடுவார்கள். சட்டம் அப்படி. முத்துமுனைக்கு இதுதான் கடைசிப் பருவம். சில வாரங்கள் சுழி ஓடியது.

“குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. நிறுத்தட்டுமா?” என்று கேட்டது பொறி.

ஜெசிந்தா தெற்கே பார்த்தாள். அங்கே சிப்பித்துறை. அங்கும் ஒரு சுழி, அந்த ஊருக்கும் அதே கெடு. அதை ஓட்டுகிறவள் பிரிஜித், ஜெசிந்தாவின் அண்ணன் மனைவி. இவள் சுழியை நிறுத்தினால் குஞ்சுகளை அவள் சுழி அள்ளிக்கொள்ளும். ஜெசிந்தா அவளைப் போனில் கூப்பிட்டாள்.

“மைனி, ரெண்டு பேரும் இப்படியே இழுத்துட்டு கெடந்தா ஒண்ணும் பாருக்குப் போவாது. நீங்களும் நிப்பாட்டுங்க, நானும் நிப்பாட்டுதேன்.”

“ஏட்டி, இதத்தான் நானும் நெனச்சேன். மாதா மேல சத்தியமா நிப்பாட்டுதேன். நீ ஏமாத்திர மாட்டியே?”

“நா என்ன அந்நிய ஆளா மைனி? மாதா மேல சத்தியம்.”

பேசி முடித்த கையோடு ஜெசிந்தா பொறியின் பக்கம் திரும்பினாள். “நிப்பாட்டாத. கொஞ்சம்போல ஓடட்டும். எங்க மைனிய எனக்குத் தெரியாதா?”

“சிப்பித்துறைச் சுழியும் நிற்கவில்லை. அதன் வேகம் கூடுகிறது.”

“பாத்தியா! சத்தியம் பண்ணிட்டு என்ன வேல பாக்கா பாரு! நீயும் கூட்டு.”

“கூட்டினால் இரண்டு சுழிகளும் ஒன்றாகிவிடும். ஒன்றானால் இரண்டு ஊர்ப் பொறிகளின் பிடிக்கும் அடங்காது.”

“சொன்னதச் செய்யி.”

பொறி செய்தது. இரண்டு சுழிகளும் நெருங்கின, உரசின, ஒன்றையொன்று விழுங்கி ஒரே பெருஞ்சுழியாகின. இரண்டு ஊர்க் குஞ்சுகளையும் வாரிக்கொண்டு அது ஆழ்கடலுக்கு நகர்ந்தது. அங்கே பாரும் இல்லை, ஒதுங்க ஒரு கல்லும் இல்லை. அத்தனையும் சாகும். ஜெசிந்தா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். சிப்பித்துறைக் கரையில் பிரிஜித்தும் அழுதாள். அந்த அழுகையில் மட்டும் பொய் இல்லை.

இரண்டு ஊர்களையும் ஒரே அடுக்குமாடியில் கொண்டுபோய் அடைத்தார்கள். கடல் கண்ணுக்கெட்டாத பொட்டல். நாத்தனாருக்கும் மைனிக்கும் அடுத்தடுத்த வீடு. எல்லா வீட்டுக்கும் ஒரே குழாயில் தண்ணீர். திறந்துவைத்துப் பொறுமையாக இருந்தால் எல்லோருக்கும் போதுமானது வரும் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். அவர் படியிறங்கும்வரை காத்திருந்த ஜெசிந்தா, கதவைச் சாத்திவிட்டு, வரும் வழியிலேயே வாங்கி வைத்திருந்த குட்டி மோட்டாரைக் குழாயில் மாட்டினாள்.

மாடி முழுக்க ‘ர்ர்’ரென்று ஒரு சத்தம் எழுந்தது. அவள் குழாயில் காற்றுதான் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பிரிஜித், சத்தத்துக்கு மேல் தொண்டையை உயர்த்திக் கத்தினாள். “ஏட்டி ஜெசிந்தா, ஒனக்குத் தண்ணி வருதா?”

“இல்ல மைனி. எந்தப் பாவியோ மோட்டார் போட்டு உறிஞ்சுதான்.”

“நல்லா இருப்பானா அவன்!” என்றாள் பிரிஜித்.

இருவரும் தத்தம் மோட்டாரை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தார்கள்.