சூடு கேட்டவள்

கத்திரி வெயில் மத்தியானம். தஞ்சாவூர் தெற்கு வீதியில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. இளம்பரிதி வண்டியை நிறுத்திவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஜவுளிக்கடையின் கண்ணாடிக் கதவு முன்னால் நின்றான். உள்ளே போகக் கால் எழவில்லை.

இந்தக் கடையில்தான் அவன் மனைவி தமிழ்நிலா வேலை பார்த்தாள். அவன் அப்போது மஸ்கட்டில் ஏ.சி. இன்ஜினியர். அவளுக்கு விஷக்காய்ச்சல் என்று தகவல் வந்து, கம்பெனிக்காரன் மனசு இரங்கிப் பாஸ்போர்ட்டைக் கொடுத்து, அவன் ஊர் வந்து சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. அழுகை வரவில்லை. அதற்குப் பிறகு இந்தப் பத்து மாதமும் வரவில்லை. மஸ்கட்டுக்குத் திரும்பாமல் உள்ளூரிலேயே ஒரு ஏ.சி. சர்வீஸ் கம்பெனியில் சேர்ந்துகொண்டான். இன்றைய புகார் இந்தக் கடையிலிருந்து வந்திருந்தது.

கல்லாவிலிருந்து முதலாளி அப்துல் வஹாப் எழுந்து வந்தார். நாகூர்க்காரர். ஷார்ஜாவில் சம்பாதித்தவர். அங்கே மூடிப்போன ஒரு பெரிய கடையின் மொட்டைமாடி ஏ.சி. பெட்டிகளைச் சல்லிசாக வாங்கிக் கப்பலேற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"வாங்க தம்பி. மூணாவது மாடி, பட்டு செக்‌ஷன். ஊரு வேகுதுன்னுதான் ஜனம் உள்ள வருது. உள்ள அதுக்கு மேல வேகுது. முகூர்த்த சீசன்ல மானத்த வாங்குது."

"எப்பவுமேவா?"

"எப்பவும் இல்ல. அது நெனச்சா."

மூன்றாம் மாடியில் கூட்டம் இல்லை. சாப்பாட்டு நேரம். புதுப் பட்டின் வாசனை, கஞ்சி வாசனை, யாரோ தலையிலிருந்து உதிர்ந்து மிதிபட்ட மல்லிகை. இவற்றுக்கு அடியில் இன்னொரு வாசனையும் இருந்தது. தூசி கருகும் வாசனை.

தூணில் தெர்மோஸ்டாட். அதற்குக் கீழே ஒரு ஸ்டூல். ஸ்டூலில் செக்‌ஷன் பொறுப்பாளர் பஞ்சநதம் உட்கார்ந்து புடவை மடித்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதிருக்கும். சாதுவான முகம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

இளம்பரிதி தெர்மோஸ்டாட்டைப் பார்த்தான். அது குளிரைத் தருவதில்லை. கேட்க மட்டும்தான் செய்யும். அறை சூடானால் மஞ்சள் கம்பி வழியாகக் குளிர் கேட்கும், குளிர்ந்தால் வெள்ளைக் கம்பி வழியாகச் சூடு கேட்கும். மொட்டைமாடிப் பெட்டி அதைக் காதில் வாங்கி, காற்றாடியையோ கம்ப்ரஸரையோ சூட்டுக் கம்பிச்சுருளையோ ஓட்டும். அரபு நாட்டுக் குளிர்கால ராத்திரிகளுக்காக வைத்த சுருள் அது.

ஸ்விட்ச் குளிரில்தான் இருந்தது. ஆனால் திரையின் மூலையில் தீக்கொழுந்து அடையாளம் மினுங்கியது.

தஞ்சாவூரில், கத்திரி வெயிலில், யாரோ சூடு கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவன் மொட்டைமாடிக்கு ஏறிப் பெட்டியின் தகட்டைக் கழற்றினான். உள்ளே வெள்ளைக் கம்பி எதிலும் சேராமல் சுருட்டிச் செருகப்பட்டிருந்தது. பெட்டியை மாட்டும்போது அப்துல் வஹாப் சொன்ன வார்த்தையை அவன் சர்வீஸ் கம்பெனியில் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். 'நமக்கெதுக்குய்யா சூடு? வெளியில போனா ஓசியில கெடைக்கும், வெட்டி விடு.'

வெட்டிய நுனியில் மீட்டரை வைத்தான். இருபத்துநாலு வோல்ட். கீழிருந்து கேட்பது உண்மை.

கேட்டுப் பயனில்லை. கம்பி எங்கும் போகவில்லை. சுருளுக்கு மின்சாரமே இல்லை.

குனிந்து சுருளைப் பார்த்தான்.

அது செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தது.

முகத்தில் அடித்த வெப்பத்தில் பின்வாங்கினான். மெயினை அணைத்தான். காற்றாடி நின்றது. சுருள் மட்டும் உடனே அணையவில்லை. ஊதி ஊதிக் காக்கும் கங்கு போல ஒருமுறை பளிச்சென்று எரிந்து, அதன் பிறகுதான் மெல்லக் கறுத்தது. வெகு நேரம் அங்கேயே நின்றிருந்துவிட்டு மெயினைத் திரும்பப் போட்டான்.

கீழே வந்தபோது பஞ்சநதத்தோடு விற்பனைப் பெண் தங்கமணி நின்றிருந்தாள்.

"என்ன சார், பேய் புடிச்சிருக்கா?" என்று சிரித்தாள். "நான் சொன்னேன்ல அண்ணே. நிலாதான்."

"சும்மா இரு தங்கமணி," என்றார் பஞ்சநதம்.

நிலா. வீட்டில் அவளை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. அவனுக்கு அவள் தமிழ்.

"யாரு நிலா?" என்று கேட்டான். குரல் சரியாகத்தான் வந்தது.

"இங்க வேலை பாத்த பொண்ணு சார். எறந்துருச்சு," என்றாள் தங்கமணி. "அதுக்கு ஏ.சி.யே ஆகாது. எப்பப் பாரு குளுருதும்பா. அண்ணன்தான் முதலாளிக்குத் தெரியாம இத ஏத்தி ஏத்தி வெப்பாங்க. கடைசியா வேலைக்கு வந்த அன்னிக்கிப் பல்லு கிட்டிக்கிச்சு. அண்ணன் கூறைப்புடவை ஒண்ண உருவி அப்படியே போத்திவிட்டாங்க. அரக்கு கலர்."

"குளுருதுன்னு அழுதுச்சு சார்," என்றார் பஞ்சநதம், மடித்த புடவையைப் பார்த்தபடி. "வீட்டுக்காரருக்கு ஃபோன் போடட்டுமான்னு கேட்டேன். வேணாம், பதறுவாருன்னுருச்சு. இந்த ஸ்டூல்லதான் உக்காந்திருந்துச்சு."

வாரந்தவறாமல் மஸ்கட்டிலிருந்து பேசியிருக்கிறான். எப்படி இருக்கிறாய் என்று கேட்பான். நல்லா இருக்கேன் என்பாள். குளிர் தாங்காதவள் என்று அவனுக்குத் தெரியாது. அவன் தொழிலே குளிர்.

பத்து மாதமாக எதுவும் ஏறாத நெஞ்சில் ஏதோ ஏறியது. துக்கமாக இருக்கும் என்று நினைத்தான். இல்லை. பொறாமை.

"டெஸ்ட் பண்ணணும். நீங்க ரெண்டு பேரும் டீ சாப்பிட்டு வாங்க," என்றான்.

அவர்கள் படியிறங்கினார்கள். திரையில் தீக்கொழுந்து அணைந்தது. சற்றுப் பொறுத்து மேலே கம்ப்ரஸர் தடதடத்து, குளிர்காற்று இறங்கியது. இளம்பரிதி ஸ்டூலில் உட்கார்ந்தான். தெர்மோஸ்டாட் அவன் உச்சிக்கு மேலே இருந்தது.

"தமிழ்."

காற்று சீராக வந்தது.

"தமிழ், நாந்தான். வந்துட்டேன்."

ஒன்றுமில்லை. நல்ல நிலையில் இருக்கும் ஓர் இயந்திரம், செய்யவேண்டியதைச் செய்துகொண்டிருந்தது. அவனுக்காக அவள் எதையும் கேட்கவில்லை.

கீழே, இரண்டு மாடி தள்ளி, படியில் செருப்புச் சத்தம்.

டிக்.

தலைக்கு மேலே தீக்கொழுந்து வந்தது. பஞ்சநதம் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. அவர் காலடி அவளுக்குத் தெரிந்திருந்தது.

இளம்பரிதி எழுந்து மறுபடியும் மொட்டைமாடிக்குப் போனான். வெள்ளைக் கம்பியைச் சீவிச் சுருளுக்கு மின்சாரம் திறந்துவிடும் ரிலேயில் மாட்டினான். சூடு எல்லை மீறினால் மின்சாரத்தை அறுக்கும் பாதுகாப்பு ஸ்விட்ச் ஒன்று உண்டு. அதன் இரண்டு கம்பிகளையும் கழற்றி, ஒன்றோடொன்று முறுக்கி விட்டான். காற்றாடி ஓடாமல் சுருள் எரியக் கூடாது என்பதற்கும் ஒரு பூட்டு உண்டு. அதையும் எடுத்துவிட்டான். இனி அவள் கேட்டால் கிடைக்கும். அளவில்லாமல் கிடைக்கும். காற்றுக் குழாயின் உட்பக்கமெல்லாம் பஞ்சும் பல வருஷத்துத் தூசியும். அந்தக் குழாய் நேராக ஸ்டூலுக்கு மேலே போய்த் திறக்கிறது. கீழே நாலாபக்கமும் பட்டு. ஒரு பொறி விழுந்தால் போதும்.

'கேளு' என்று மனசுக்குள் சொன்னான். 'அந்த ஆளுக்காகக் கேளு.'

கீழே வந்து எதிர்த் தூணில் சாய்ந்துகொண்டான்.

திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று முகூர்த்தப் பட்டுக்கு வந்திருந்தது. பெண்ணின் தாயார் ஒவ்வொரு புடவையையும் உதறிப் பார்த்தாள். "இதே ஜரிகைல மாம்பழக் கலர் இருக்கா?" பஞ்சநதம் எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். இடையிடையே அண்ணாந்து தெர்மோஸ்டாட்டைப் பார்த்தார்.

தீக்கொழுந்து அணைந்திருந்தது.

குளிர் ஏறியது. கல்யாணப்பெண் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "நல்ல குளுகுளுன்னு இருக்குல்லம்மா," என்றாள் தங்கமணி.

அடையாளம் வரவில்லை.

திரையில் எண் இறங்கியது. வைத்த அளவுக்கும் கீழே போனது. கம்ப்ரஸர் நின்றுபோன சத்தம் கேட்டது. எண் அப்படியும் இறங்கியது.

தெர்மோஸ்டாட்டின் கண்ணாடிக்கு உள்பக்கம் நீர் கோத்து நின்றது.

அப்புறம் அது நடுங்க ஆரம்பித்தது. தூணில் திருகாணி போட்டு இறுக்கிய பெட்டி, பல் கிட்டுவதுபோல் சிமெண்டில் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டது. டக டக டக டக.

கேட்கவில்லை.

சூடு கேட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கீழே பஞ்சநதம் இருந்தார். அதனால் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு குளிரைத் தாங்கினாள்.

அன்றைக்கும் இப்படித்தான் நடுங்கியிருப்பாள். அவன் பதறுவான் என்று ஃபோன் போடாமல், இதே இடத்தில்.

இளம்பரிதி படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறினான். முறுக்கிய கம்பிகளைப் பிரிக்க நகம் பிய்ந்தது. பாதுகாப்பு ஸ்விட்சை மாட்டினான், பூட்டை மாட்டினான். வெள்ளைக் கம்பியைக் கழற்றாமல் விட்டுவிட்டான். சரியான வழியில் இருக்கட்டும். வேண்டும் என்று கேட்டால் அளவோடு கிடைக்கட்டும்.

தகட்டை மூடிய அடுத்த நொடி, உள்ளே ரிலே டக்கென்று இழுத்தது. சுருள் சூடேறும் முனகல் கேட்டது. நீண்ட பெருமூச்சைப் போல.

அவன் இறங்கி வந்தபோது பஞ்சநதம் படி முனையில் நின்றிருந்தார்.

"வேலை முடிஞ்சுதா சார்?"

"கொஞ்சம் வெதுவெதுப்பா வரும். அதுக்கு மேல போகாது. அப்படியே விட்டுருங்க."

பஞ்சநதம் தலையாட்டினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க யாருன்னு பாத்த ஒடனே தெரிஞ்சுருச்சு சார். நிலா போட்டோ காட்டியிருக்கு. ஒட்டகத்துக்குப் பக்கத்துல நிப்பீங்க. இதுல வீட்டுக்காரர் எதுடின்னு தங்கமணி கேலி பண்ணும். அது விழுந்து விழுந்து சிரிக்கும்." தெர்மோஸ்டாட் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். "உங்களத்தான் அனுப்பணும்னு முதலாளிகிட்ட நான்தான் சொல்லி ஃபோன் போடச் சொன்னேன். எனக்குப் பயமா இருக்கு சார். நீங்க வந்து கூப்பிட்டா உங்களோட வந்துரும்னு பாத்தேன்."

"கூப்பிட்டேன்," என்றான் இளம்பரிதி. "வரல."

படியிறங்கினான்.

இரண்டாம் மாடி. ஆண்கள் ஆடைப் பிரிவு. அங்கே வேறு பெட்டி, வேறு தெர்மோஸ்டாட். அவன் கடக்கும்போது தலைக்கு மேலிருந்த காற்றுவாய் ஐஸைக் கொட்டியதுபோல் குளிரை இறக்கியது. நகர்ந்தான். அடுத்த காற்றுவாயும் அப்படியே. முதல் மாடியிலும் அப்படியே. தரைத்தளத்தில் கல்லாவில் இருந்த அப்துல் வஹாப் தோள்களைக் குறுக்கிக்கொண்டு, "இப்ப என்ன தம்பி இங்க இப்படிக் குளுருது?" என்றார்.

இளம்பரிதி கண்ணாடிக் கதவைத் தள்ளி வெளியே வந்தான்.

வெயில் நெருப்பாகக் கொட்டியது. வண்டியின் சீட்டைத் தொட முடியவில்லை. நடைபாதையில் பூ கட்டிக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து முகம் சுளித்தாள்.

"ஏன் தம்பி, பூ வாடிப் போவும். அந்தாண்ட போயி பீடி குடிக்கக் கூடாதா?"

இளம்பரிதி தன் கைகளைப் பார்த்தான். காலியாக இருந்தன. முகத்துக்கு முன்னால், மார்கழி விடியலில் வருவதுபோல, வெள்ளை மூச்சு கலைந்துகொண்டிருந்தது.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான்.

புகை நிற்கவில்லை. அவனுக்கு இடப்பக்கம், தோளுயரத்தில், சீராக அது வந்துகொண்டே இருந்தது.