இடுப்பளவில் நின்ற கதவு

முதலில் அது கணுக்கால் உயரத்தில் நின்றது.

காரைத் தெருவுக்கு எடுத்து நிறுத்திய ஹேமாவதி, வழக்கம்போல ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி ரிமோட்டை அமுக்கினாள். கார் ஷெட்டின் கதவு பழைய முனகலோடு மடிப்பு மடிப்பாக இறங்கி வந்தது. தரையைத் தொட ஒரு சாண் இருந்தபோது, மெத்தென்ற எதன்மேலோ முட்டியதுபோலத் தயங்கியது. பிறகு வந்த வழியே மேலே ஏறிக்கொண்டது. உள்ளே மோட்டாரின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. கதவுக்கு அடியில் ஏதாவது இருந்தால்தான் அது அப்படித் திரும்பும். இறங்கிப் போய்ப் பார்த்தாள். காய்ந்த சிமெண்டுத் தரை. பூனை இல்லை, செருப்பு இல்லை, ஒரு சருகுகூட இல்லை.

சேலையூரில் ஒரு பள்ளியில் அவள் கணக்கு டீச்சர். நேரமாகிவிட்டதால் கணவர் மோகன்ராஜிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அந்த முடிச்சூர் வீடு, மோகன்ராஜின் அப்பா உழுத வயல்கள் மனைகளாகிப் போன காலத்தில் கட்டியது. துபாய் போய்வந்த ஒரு வியாபாரியிடம் சொல்லிவைத்து வாங்கிய மோட்டார் கதவு தானாகத் திறப்பதைப் பார்க்க அன்றைக்குத் தெருவே கூடியது. அதன்பின் ரோட்டைப் போட்டதன்மேலேயே போட்டுக்கொண்டு போனார்கள். ரோடு உயர, வீடு தாழ்ந்தது. ஷெட் எல்லாவற்றையும்விடப் பள்ளத்தில் போயிற்று.

அந்த மோட்டாரை வேறு யாரும் தொட மோகன்ராஜ் விட்டதில்லை; ஒரு வெள்ளத்தில் மூழ்கியபோதுகூட அவரேதான் காயவைத்து ஓடவைத்தார். ஆயுத பூஜை வந்தால் அவரே ஏணி போட்டு ஏறி, செயினுக்குக் கிரீஸ் தடவி, மோட்டாருக்குப் பொட்டும் வைத்துவிட்டு இறங்குவார். மெக்கானிக் என்ற பேச்சை எடுத்தாலே முகம் மாறும். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவரால் ஏணி ஏற முடியவில்லை. அந்த வருஷம் மோட்டாருக்குப் பொட்டு இல்லை.

மறுநாள் கதவு முழங்கால் உயரத்தில் நின்று திரும்பியது.

தூசியாக இருக்கும் என்று நினைத்தாள். கதவின் இரு பக்கமும் தரையோரமாக ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த சென்சார் கண்களைப் பழைய வேட்டித் துணியால் துடைத்தாள். சிலந்திக்கூட்டை எடுத்தாள். ஒரு கண் லேசாகச் சாய்ந்திருந்ததை நேராக்கியதும் பச்சை விளக்கு பளிச்சென்று எரிந்தது. ரிமோட்டை அமுக்கினாள். கதவு தரைவரை இறங்கி மூடிக்கொண்டது. அவ்வளவுதானா என்று அவளுக்குச் சிரிப்பே வந்தது.

சாயங்காலம் திரும்பி வந்து மூடும்போது மறுபடி முழங்காலில் நின்றது. இந்தத் தடவை உடனே ஏறவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல அங்கேயே நின்றது. ஹேமாவதி குனிந்து, கதவின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே கையை விட்டாள். டிசம்பர் பிறந்தும் மழை ஏமாற்றிய வருஷம் அது. தரையிலிருந்து பகல் வெக்கை இன்னும் எழுந்துகொண்டிருந்தது. ஆனால் அந்த இடைவெளியில் அவள் கை சில்லிட்டது. மணிக்கட்டுவரை ஒரு கனமான குளிர் வந்து சூழ்ந்து, மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளியது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். கை காய்ந்துதான் இருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

சாக்கடையும் டீசலும் ஊறிப்போன அரிசியும் கலந்த வாடை. அந்த வாடையை முடிச்சூரில் யாரும் மறக்கமாட்டார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால், வெள்ளம் வடிந்தபின் ஒவ்வொரு வீட்டிலும் மாதக்கணக்கில் இருந்த வாடை.

அவளுக்குச் சம்பத்தின் நினைவு வந்தது.

சம்பத் மோகன்ராஜின் தம்பி. குடிப்பான். குடித்துவிட்டால் நடுத்தெருவில் நின்று அண்ணனைப் பேர் சொல்லித் திட்டுவான். அந்த மாதிரி ராத்திரிகளில் மோகன்ராஜ் அவனை ஷெட்டுக்குள் படுக்கவைத்துக் கதவை இறக்கிவிடுவார். பாவமாக இருக்கிறதே என்று அவள் கேட்டால், உள்ளே சிவப்புக் கயிறு தொங்குகிறது, இழுத்தால் மோட்டார் கழன்றுவிடும், கையாலேயே கதவைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவான் என்பார். குடிக்காத சம்பத் வேறு ஆள். அவளுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தந்தது அவன்தான். மாடம்பாக்கம் ஏரிக்கரையில் வண்டி நின்று நின்று போகும்போதெல்லாம், "பரவால்ல அண்ணி, எருமைய ஓட்டுற மாதிரி மெதுவா தட்டிக் குடுங்க" என்று சிரிப்பான்.

வெள்ளம் புகுந்த ராத்திரி அவன் ஷெட்டுக்குள் இருந்தான். ஹேமாவதி காய்ச்சலில் கிடந்த மகளைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள். சம்பத்தைப் பார்க்கக் கீழே போன மோகன்ராஜ் இடுப்புவரை நனைந்து திரும்பி வந்தார். கூப்பிட்டேன், பதில் இல்லை, கயிற்றை இழுத்து எப்பவோ போயிருப்பான் என்றார். தண்ணீர் வடிந்து கதவைப் பெயர்த்தபோது சம்பத் உள்ளேதான் கிடந்தான். தூக்கத்திலேயே போயிட்டான் ஹேமா, அவனுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காது என்று மோகன்ராஜ் அழுதார். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பத்து வருஷமாகத் தூங்கினாள்.

அடுத்து வந்த நாளில் கதவு இடுப்பளவில் நின்றது.

அவள் தெருவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நின்ற கதவுக்குப் பின்னால், ஷெட்டின் இருட்டில், சுவரில் எதுவோ மோதும் சத்தம். தளக். கொஞ்சம் பொறுத்து மறுபடி, தளக். தொட்டித் தண்ணீரில் குடம் மிதந்து சுவரை இடிக்குமே, அந்தச் சத்தம். கதவு ஏறியதும் சத்தம் நின்றது. ஷெட் காலியாக இருந்தது.

மோகன்ராஜிடம் சொன்னாள். அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், ஷெட்டைத் திறந்தே போடு, காரை ரோட்டிலேயே நிறுத்து என்றார். குரலில் ஏதோ இறுகியிருந்தது. அவள் அவருக்குத் தெரியாமல், மோட்டார் கதவு விற்கும் ஒரு கடைக்குப் போன் செய்தாள். தட்சிணாமூர்த்தி என்பவர் பொறுமையாகக் கேட்டார். பழைய மோட்டார் என்றால் கோளாறு மோட்டாரிலா, கதவிலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றார்.

"பிளக்கைப் பிடுங்கிட்டு, மேல தொங்குற சிவப்புக் கயித்த இழுங்க மேடம். மோட்டார் கழண்டுக்கும். அப்புறம் கதவைக் கையால தூக்கி, பாதியில விட்டுப் பாருங்க. அப்படியே நிக்கணும்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மோகன்ராஜ் தூங்கும்போது ஏணியைச் சாத்தினாள். கயிறு கண்ணில் படவில்லை. மேலே ஏறினாள். கிரீஸ் நாற்றமும் சூடான தகர வாடையும் முகத்தில் அடித்தன. டார்ச் வெளிச்சத்தில், கதவை மோட்டாரோடு பிணைக்கும் சின்ன இரும்பு நெம்புகோல் தெரிந்தது. அதன் நுனியில் சிவப்பாக ஒரு விரற்கடைக் கயிறு. நைந்து அறுந்தது இல்லை. கத்தியால் ஒரே இழுப்பில் அறுத்தது. நெம்புகோலை யாரும் அசைக்க முடியாதபடி கட்டுக்கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தது.

வெள்ளத்துக்கு அப்புறம் எப்போதாவது கட்டியிருப்பார் என்று மனசு ஓடி ஓடிச் சமாதானம் தேடியது. நகத்தால் கம்பியின் முறுக்கைச் சுரண்டினாள். முறுக்கின் இடுக்கெல்லாம் சாம்பல் நிற வண்டல், இறுகிக் கல்லாகியிருந்தது. தண்ணீர் இந்தக் கூரைவரை ஏறியபோதே கம்பி இங்கே இருந்திருக்கிறது.

எப்படி இறங்கினாள் என்று அவளுக்கே தெரியாது.

விளக்கு வைக்கும் நேரத்தில் மோகன்ராஜிடம் கேட்டாள். அவர் முதலில் கத்தினார். பிறகு உட்கார்ந்தார்.

"அவன் பண்ண பேஜார் உனக்குத் தெரியாதா? அடைச்சு வெச்சா கயித்த இழுத்துக்கினு மறுபடி தெருவுக்கு வந்துடுவான். அதுக்குத்தான் கட்டினேன். தண்ணி வரும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"அன்னிக்குக் கீழ போனீங்களே. தட்டினானா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"தட்டிக்கினுதான் இருந்தான். அண்ணா அண்ணான்னு கூப்டான். கரண்ட் இல்ல, நான் இன்னா பண்ண முடியும்? மாடிப்படியில உக்காந்துகினு இருந்தேன்." பிறகு தனக்குத்தானே சொல்வதுபோல, "சத்தம் நின்னதும் நிம்மதியா இருந்துச்சு" என்றார்.

மோகன்ராஜ் சட்டென்று எழுந்தார். அந்தக் கம்பி இனி அங்கே இருக்கக்கூடாது என்றார். கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துச் சரிவில் இறங்கி ஷெட்டுக்குள் போனார். கார் தெருவில் இருந்தது. அவள் ரிமோட்டையும் டார்ச்சையும் பிடித்தபடி ஷெட் வாசலில் நின்றாள். உள்ளே ஏணிப்படி ஒன்று கிறீச்சிட்டது.

அப்போது கரண்ட் போயிற்று. தெருவிளக்குகள் வரிசையாக அணைந்தன. எதிர்வீட்டு டிவி வாக்கியத்தின் நடுவில் நின்றது. தெரு முழுக்க மோட்டார்களும் மின்விசிறிகளும் அடங்கிப்போன அந்த அமைதியில், ஷெட்டின் மோட்டார் மட்டும் முனகத் தொடங்கியது.

கதவு இறங்கியது. இடுப்பில் நிற்கவில்லை. முழங்காலில் நிற்கவில்லை. கணுக்காலில் நிற்கவில்லை. தரையைத் தொட்டு மூடிக்கொண்டது.

"ஹேமா, இன்னா பண்ற நீ? தொற."

உள்ளே ஏணி சரிந்து விழுந்தது. வழக்கமான உலோகச் சத்தம் இல்லை. தொப்பென்று, தண்ணீரில் விழும் சத்தம்.

"ஹேமா, இங்க தண்ணி வருது. எங்கேருந்தோ தண்ணி வருது."

கதவுக்கடியில் டார்ச்சை அடித்தாள். சரிவு காய்ந்திருந்தது. ஒரு சொட்டுகூடக் கசியவில்லை. ஆனால் அந்த வாடை வந்துகொண்டிருந்தது, நெஞ்சை அடைக்கும்படி. உள்ளிருந்து அவர் நடக்கும் சத்தம், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு நடக்கும் சத்தம். கதவில் அடித்தார். அடி முதலில் கீழே கேட்டது. பிறகு நடுவில். பிறகு அவள் தலைக்கு மேலே.

"ரிமோட்ட அமுக்குடி. கழுத்துக்கு வந்துடுச்சு. ஹேமா. யாரோ இருக்காங்க. இங்க யாரோ இருக்காங்க, என் கால…"

அவள் பெருவிரல் பொத்தான்மேல் இருந்தது. அமுக்கினால் திறக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

வாசற்படியில் உட்கார்ந்தாள்.

கதவின் மேல் விளிம்பில் நகம் பிராண்டியது. ஒரு தடவை. இன்னொரு தடவை. நெடுநேரம் கழித்து, மெதுவாக, ஒரு தடவை.

நின்றது.

அமுக்கினாள். தெரு இன்னும் இருட்டாகத்தான் இருந்தது. கதவு முனகிக்கொண்டு ஏறியது. தண்ணீர் பாய்ந்து வரும் என்று பின்னால் நகர்ந்தாள். எதுவும் வரவில்லை. மோட்டாரின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. தரை காய்ந்திருந்தது. விழுந்த ஏணியின்மேல் தூசி அப்படியே இருந்தது.

மோகன்ராஜ் கூரையை ஒட்டி இருந்தார்.

எதுவும் அவரைத் தாங்கிப் பிடித்திருக்கவில்லை. சட்டை உப்பி விரிந்திருந்தது. வேட்டி அவரைச் சுற்றி மெல்ல அலைந்தது. தலைமுடி, அங்கே இல்லவே இல்லாத ஒரு நீரோட்டத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து ஆடியது. ஒரு கால் மட்டும் கீழ்நோக்கி விறைத்து நீண்டிருந்தது. கணுக்காலில் சதை, ஒரு கை இறுகப் பிடித்திருப்பதுபோல, ஐந்து விரல் தடமாக அமுங்கியிருந்தது. அவர் மிக மெதுவாக, வாசல் பக்கம் திரும்பினார். கண்கள் திறந்திருந்தன. வாயிலிருந்து கடைசியாக ஒரு குமிழி புறப்பட்டு, தள்ளாடிக்கொண்டே ஏறிக் கூரையில் பட்டு உடைந்தது.

பிறகு, அவர் காலடியில், யாருமே இல்லாத இடத்திலிருந்து, குமிழிகள் வரிசையாக மேலே வரத் தொடங்கின. சின்னச் சின்னதாக. அவசரமே இல்லாமல்.