எழுதாமல் விட்ட வரிகள்

மனைவி இறந்த ஆறாவது வாரம், இரண்டு பெட்டிகளோடு மாமனார் வீட்டுக்குக் குடிவந்தேன். அவருக்கும் வேறு யாரும் இல்லை. வீடு முழுக்க மருந்து நெடி. ஜன்னல்களை அவர் திறப்பதில்லை. காலைத் தூக்காமல் தேய்த்தே நடப்பார். அந்தச் சரசரப்பை வைத்தே எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லிவிடலாம்.

முதல் டாக்டர் அல்சைமர் என்றார். மாமாவின் கண்ணுக்கு இல்லாத உருவங்கள் தெரியாமலிருக்க அவர் கொடுத்த மாத்திரையில் மாமா இரண்டு நாள் கட்டையாக விறைத்துக் கிடந்தார். இரண்டாவது டாக்டர் லூயி பாடி மறதிநோய் என்றார். அல்சைமரில் முதலில் ஞாபகம் போகும். இதில் ஞாபகம் ஓரளவு நிற்கும். கண் இல்லாததைக் காட்டும், உடல் இறுகும், ஒருநாள் தெளிவு, ஒருநாள் குழப்பம். தோளில் ஒட்டும் மருந்துப் பட்டை தந்தார். தெரியும் உருவங்களை நேரம், இடத்தோடு நோட்டில் எழுதச் சொன்னார். குறையாவிட்டால் அளவைக் கூட்டுவாராம்.

“அந்த மூணு வாலுங்களும் செருப்போட சோபால ஏறுதுங்க மாப்ள.”

எழுதினேன்.

பட்டை ஒட்டிய மூன்றாம் வாரம் அந்தப் பிள்ளைகள் வரவில்லை. காலைச் சாப்பாட்டின்போது மாமா என் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்.

“இவ ஏன் வாயே தொறக்க மாட்டேங்கறா?”

“யாரு மாமா?”

“நல்லா இருக்கே. கட்டினவளையே யாருன்னு கேக்கறீங்க.”

திரும்பினேன். வெறும் நாற்காலி.

அதை எழுதவில்லை.

எழுதினால் மருந்து கூடும். கூடினால் அவள் போய்விடுவாள். எங்கே நிற்கிறாள், என்ன உடுத்தியிருக்கிறாள் என்று தினமும் அவரிடம் கேட்டேன். அவர் தன் சாப்பாட்டில் பாதியை அவளுக்கு ஒதுக்கினார். மெலிந்தார். அவளுக்குக் கதவு திறக்க எழுந்து விழுந்தார். கால் தடுக்கியது என்று எழுதினேன்.

அடுத்த முறை போனபோது டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

“வீட்ல ரெண்டு பேரும் மாத்தி மாத்தி எழுதியிருக்கீங்க. நல்லது.”

மகள் இன்னும் தெரிவதால் அளவைக் கூட்டுவதாகச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன்.

என் வரிகளுக்கிடையே இடப்பக்கம் சாய்ந்த எழுத்து.

அவளுடையது.

நான் விட்ட ஒவ்வொரு நாளும் இருந்தது. எனக்குக் கதவு திறக்க வந்து அப்பா விழுந்தார் என்று இருந்தது.

கடைசி வரியில் இன்றைய தேதி.

“காலை பதினொன்று. டாக்டர் அறை. இவர் நாற்காலிக்குப் பின்னால்.”

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. மாமா என் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.